உன் பெட்டியில் நான் வைக்காத குளிசைகள்

மகளே,

உன் பெட்டியைப் பார்த்துவிட்டேன், கோபிக்காதே. வரவேற்பறை நடுவில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது; அதைத் தாண்டாமல் இந்த வீட்டில் யாரும் குசினிக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ வன்கூவருக்குக் குடிபெயர்ந்து புறப்படுகிறாய். உடுப்புகளை வடிவாக மடித்து அடுக்கியிருக்கிறாய், அம்மா தந்த மிளகாய்த்தூளை இரண்டு பைக்குள் சுற்றி வைத்திருக்கிறாய். வலது மூலையில் மட்டும் ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுக்கு இடம் விட்டிருக்கிறாய். அது எதற்கென்று எனக்குத் தெரியும். இந்த வீட்டிலிருந்து யார் எங்கே புறப்பட்டாலும் என் அலுமாரியிலிருந்து ஒரு பொதி மருந்துக் குளிசை கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். பழக்கதோஷத்தில் நீயும் இடம் விட்டுவிட்டாய். இந்த முறை அந்த மூலையில் நான் ஒரு குளிசையும் வைக்கப்போவதில்லை.

காரணம் உனக்குத் தெரியும். தெரிந்ததை ஏன் எழுதுகிறேன் என்றால், இதை நாலு பேர் வாசிக்க வேண்டும் என்று சொன்னவளே நீதான். "பேரை மட்டும் போடாதேங்கோ அப்பா, மிச்சம் எல்லாத்தையும் போடுங்கோ. ஸ்காபரோவில உப்பிடி ஒரு அலுமாரி இல்லாத தமிழ் வீடு எங்க கிடக்கு?" என்று கேட்டாய். சரி, போடுகிறேன். வாசிப்பவர்கள் நடுவில் திடுக்கிட்டுப் பேப்பரை மடித்து வைக்காமல் இருப்பதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் ஒரு திருநங்கை. பாலியல் தொழில் செய்கிறாள். அந்தத் தொழிலை விடு என்று சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்த வழக்கை நாங்கள் இருவரும் பல தடவை பேசிவிட்டோம், அவள்தான் வென்றாள். தோற்றவன் நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் அலுமாரியைப் பற்றிப் பெருமை பேசாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. யாழ்ப்பாணத்தில் இளம் வயதில் ஒரு மருந்துக்கடையில் நின்றவன் நான். டொக்ரர் எழுதிய துண்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் ரொறன்ரோவுக்கு வந்து டோர்செட் பார்க்கில் இந்த மாடிக்கட்டடத்தில் குடியேறியதும் நானே டொக்ரர் ஆகிவிட்டேன். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன், பின்னேரங்களில் வைத்தியம் பார்த்தேன். ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் திரும்பும்போது எனக்கு அன்ரிபயோற்றிக் கொண்டுவந்தார்கள். இங்கே டொக்ரரின் எழுத்து இல்லாமல் வாங்க முடியாத குளிசையெல்லாம் அங்கே கேட்டவுடன் கிடைக்கும். தடிமன், இருமல், பல்லுக்கொதி என்று லிப்ரில் ஏறி ஒன்பதாம் மாடிக்கு வருவார்கள். "அங்கிளுக்குக் கைராசி" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் இன்னும் ஒரு அலுமாரி வாங்கியிருப்பேன்.

உனக்கும் எல்லாவற்றுக்கும் குளிசைதான். நீ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருநாள் எங்கள் இருவரையும் சோபாவில் இருத்தி, "நான் பெடியன் இல்லை, எனக்கு அது எப்பவோ தெரியும்" என்று சொன்னாய். அம்மா அழுதாள், பிறகு உன் தலையைத் தடவினாள். நான் எழும்பிப் போய் ஒரு போத்தல் விற்றமின் எடுத்து வந்து உன் கையில் வைத்தேன். உடம்பு களைத்துப்போய்க் கதைக்கிறாய் என்று நினைத்தேனா, அல்லது வேறு என்ன செய்வதென்று தெரியவில்லையா, இன்றைக்கும் சொல்ல முடியாது. நீ சிரித்தாய். அந்தப் போத்தலை முடித்துவிட்டுத்தான் பெண்ணானேன் என்று உன் சிநேகிதிகளுக்குச் சொல்லித் திரிந்தாய். பிறகு வேலை கிடைக்காமல் அலைந்தாய். நேர்முகத்துக்குப் போன இடமெல்லாம் உன் முகத்தைப் பார்த்ததும் ஆட்கள் போதும் என்றார்கள். இந்தத் தொழிலுக்குப் போன பிறகு அதையும் மறைக்காமல் சொன்னாய். அன்றும் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த கிழமை பனடோல், பிளாஸ்ரர், வயிற்றுப்போக்குக் குளிசை எல்லாம் கட்டித் தந்தேன்.

கேட்காமல் கொடுப்பது எனக்கு வசதியாக இருந்தது, மகள். எங்கே வலிக்கிறது, எப்படி வந்தது, யாரோடு இருந்தாய் என்று தகப்பன் கேட்கக் கூடாத கேள்விகள் என்று நான் நினைத்த எல்லாவற்றையும் அந்தக் குளிசை அட்டைகள் மூடி வைத்தன. நீயும் கேட்கப்படாமல் இருப்பதை விரும்பினாய். இருவரும் மிகவும் ஒற்றுமையாக இருந்தோம்.

போன வருடம் பனிக்காலத்தில் உன் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. உள்ளங்காலிலும் இருந்தது. கடியோ சொறியோ இல்லை என்றாய். நான் லைற்றைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோப்பை கழுவுற சோப் ஒத்துக்கொள்ளேல்லை. இல்லாட்டி உன்ர ஹோர்மோன் குளிசை உடம்பில சூடு கிளப்பிப்போட்டுது" என்று தீர்ப்புச் சொன்னேன். அலேர்ஜிக் குளிசையும், எதற்கும் இருக்கட்டும் என்று அமொக்சிசிலினும் தந்தேன். கொஞ்ச நாளில் புள்ளிகள் போய்விட்டன. எனக்குத் தலை கால் புரியவில்லை. அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அது சிபிலிஸ் என்கிற பாலியல் நோய் என்றும், அந்தப் புள்ளிகள் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் தானாக மறையும் என்றும், மறைந்த பிறகு நோய் உள்ளே இருந்து தன் வேலையைச் செய்யும் என்றும் மருந்துக்கடையில் நின்ற எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீ என் கைராசியை உன் சிநேகிதிகளிடம் கொண்டுபோனாய். அவர்களும் உன்னைப் போலத் திருநங்கைகள், செய்வதும் உன் தொழில்தான். சிலருக்கு அரசாங்க வைத்தியத்துக்கான ஓஹிப் அட்டை இல்லை, சிலருக்கு அட்டையில் பழைய பெயர் இருந்தது. கிளினிக் வரவேற்பில் அந்தப் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகு யார் மறுபடி போவார்கள்? தமிழ் டொக்ரரிடம் போகலாம் என்றால் காத்திருக்கும் அறை முழுக்கச் சொந்தக்காரர். ஆகவே என் குளிசைகள் உன் கைப்பைக்குள் ஏறி நகரத்தின் மறுகோடியில் இருக்கிற ரெக்ஸ்டேல் வரைக்கும் போயின. "அப்பா, ஒராளுக்குத் தொண்டை நோ." "அப்பா, ஒராளுக்குச் சலம் போகேக்க எரியுதாம்." நான் எண்ணிக் கொடுத்தேன். எரிவு எதனால் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கவில்லை.

பிறகுதான் அந்தச் சிநேகிதிகளில் ஒருத்தி, மதுரா, வந்தாள். அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அவள் தானே தேர்ந்தெடுத்துத் தந்த பெயர், அழகான பெயர். மட்டக்களப்புப் பிள்ளை. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ அவளைச் சாப்பிடக் கூட்டிவந்தாய். சாப்பிட்டு முடிந்து பல்கனியில் நின்றோம். கீழே கென்னடி வீதியில் பஸ் வந்தது. "அங்கிள், அதில வாற பஸ் என்ன நம்பர்?" என்று கேட்டாள். எனக்குத் தூரப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டும், போட்டுக்கொண்டு பார்த்தேன். நாற்பத்துமூன்று என்றேன். அவள் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள், வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். "வலக் கண்ணால பார்த்தா பஸ்ஸே புகைமாதிரித்தான் தெரியுது. கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து ஏதும் இருக்கா அங்கிள்?" என்றாள்.

கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கூசினாள். அலுமாரியில் சொட்டு மருந்து இருந்தது, மூன்று விதம். எடுக்கப் போனவன் பாதி வழியில் நின்றேன். ஒரு மனிதருக்குக் கண் போகப் பார்க்கிறது, நான் எதற்கென்று தெரியாமல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "பிள்ளை, இதுக்கு முதல் உடம்பில வேற என்ன வந்தது? வெக்கப்படாமல் சொல்லு." அவள் உன்னைப் பார்த்தாள். நீ தலையசைத்தாய். கீழே ஒரு புண் வந்ததாம், வலிக்கவில்லையாம். நீ கொடுத்த குளிசை போட்டாளாம், ஆறி மாறிவிட்டதாம். பிறகு கையில் புள்ளிகள் வந்ததாம், அதற்கும் நான் அனுப்பியதைப் போட்டாளாம்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. இது எனக்குத் தெரியாத நோய், தெரியாத வருத்தம்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இந்த அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நீ நினைத்திருக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள். "என்ட கேஸ் வருது அங்கிள். இரத்தத்தில ஏதும் இருந்தா எழுதி அனுப்பிருவாங்க, என்னையத் திருப்பிப் பிளேன் ஏத்திருவாங்க. ஊருக்குப் போனா என்னைய உயிரோட விடமாட்டாங்க." கண் போனாலும் பரவாயில்லை, இங்கே இருந்தால் போதும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். நீ கெஞ்சினாய், நான் அதட்டினேன், அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஆஸ்பத்திரி வேண்டாம், அட்டை கேட்காமல் பாலியல் நோய்களுக்கு இலவசமாக இரத்தம் பார்க்கும் கிளினிக் ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று நீ சொன்னாய். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். காரை நான் ஓட்டினேன்.

கிளினிக்கில் கதிரையை விட்டு அவள் அசையவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அது யோசனையா வீம்பா தெரியாது. எழும்பிப் போய், "முதலில் எனக்குப் பாருங்கள்" என்று என் பெயரைப் பதிந்தேன். நீ தலையில் கை வைத்தாய். நரைத்த மீசையும் விபூதியுமாக நான் உள்ளே போனேன். தாதி இளம்பெண். ஆணோடா, பெண்ணோடா, இருவரோடுமா என்று கேட்டாள். கடைசியாக எப்போது என்று கேட்டாள். வாயாலா, எப்படி, ஆணுறை பாவித்தீர்களா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, காசு வாங்கியோ கொடுத்தோ உறவு வைத்ததுண்டா என்று கேட்டாள். மனைவி ஒருத்திதான், கடைசியாக எப்போது என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "எல்லாரிட்டையும் இதைத்தான் கேக்கிறனியளோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஓம், எல்லோரிடமும் ஒரே கேள்விதான் என்றாள். நான் என் சொந்தப் பிள்ளையிடம் கேட்கப் பயந்த எல்லாவற்றையும் அவள் காலநிலை விசாரிப்பதுபோல விசாரித்து முடித்துவிட்டாள். இதில் வரும் நோய் விபரம் குடிவரவுக்காரருக்குப் போகுமா என்றும் கேட்டேன். நாங்கள் வைத்தியம் பார்க்கிறவர்கள், வழக்குப் பார்க்கிறவர்கள் இல்லை என்றாள்.

வெளியே வந்து மதுராவுக்குப் பக்கத்தில் இருந்து, பஞ்சு ஒட்டிய கையைக் காட்டினேன். "பிள்ளை, என்னட்டையே ஆரோட, எப்பிடி எண்டு கேக்கினம். நான் வெக்கம் கெட்டுப் பதில் சொல்லிப்போட்டு வாறன். உனக்கென்ன? கேஸுக்கும் இதுக்கும் தொடர்பில்லையாம், கேட்டுட்டன். உள்ள போயிட்டு வா." அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே எழும்பிப் போனாள். அந்தக் கிளினிக் டொக்ரர் கண்ணைப் பார்த்த உடனேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். சிபிலிஸ் கண்ணுக்குள் போயிருந்தது. இரத்தக் குழாய் வழியாக நாள்கணக்கில் பெனிசிலின் ஏற்றினார்கள். அகதிக் கோரிக்கையாளர்களுக்கான மருத்துவ அட்டை அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அதைக் காட்டினால் செலவு வராது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. உனக்கும் நோய் இருந்தது. கிழமைக்கு ஒருமுறை மூன்று தடவை ஊசி போட்டார்கள், நீ ஊசிக் கடுப்பில் கதிரையில் இருக்க முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாய். எனக்கு ஒன்றும் இல்லை என்று போன் வந்தது. அம்மா அந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாள்.

மற்றச் சிநேகிதிகளுக்கு யார் சொல்வது என்று நீ தயங்கினாய். உன்னைக் குறை சொல்வார்கள், கோபித்துக்கொண்டு ஒதுங்குவார்கள் என்று பயந்தாய். எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடு என்றேன். அம்மா ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். நான் நின்றுகொண்டு சொன்னேன்: "நான் தந்த குளிசை பிழை. வருத்தத்தை மாத்தேல்லை, மூடி வைச்சது. எல்லாரும் போய் இரத்தம் குடுங்கோ. ஏசிறதெண்டால் என்னை ஏசுங்கோ, இவளை ஏசாதேங்கோ." ஒருத்தி ஏசினாள், நன்றாகவே ஏசினாள். தகுந்த ஏச்சுத்தான். அடுத்த நாள் அவள்தான் முதலில் கிளினிக்குக்குப் போனாள். பிறகு மற்றவர்களும் போனார்கள். சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. இருந்தவர்களுக்கு ஊசி போட்டு மாறிவிட்டது.

இப்போது தகப்பன் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், இனிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உறை போடாவிட்டால் அதிகக் காசு தருகிறேன் என்று கேட்கிறவன் உன்னிடம் மட்டும் கேட்கவில்லை, போகிற இடமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறான். அவன் கொண்டுவருவது அவனுக்கே தெரியாது. வேலைக்கு முன் குடிக்காதே. குடித்தால் பேரம் பேசுகிற வாய் முதலில் போய்விடும். ஹோர்மோன் ஊசி போடுகிறபோது ஒருத்தியின் ஊசியை இன்னொருத்தி எடுக்கக் கூடாது, எவ்வளவு உயிர்ச் சிநேகிதியாக இருந்தாலும். எச்.ஐ.வி வராமல் கிளினிக்கில் தருகிற குளிசையைத் தினமும் போடுகிறாய், நல்லது, ஆனால் அது சிபிலிஸைத் தடுக்காது. இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை: வேலைக்கு வருகிறவனிடம் நீ கெட்டிக்காரி. மனதுக்குப் பிடித்தவன் ஒருவன் வந்ததும் உறையை எடுத்து அப்பால் வைத்துவிடுகிறாய், அன்பைக் காட்ட வேறு வழி இல்லாததுபோல. அவன் உன்னை விரும்பினால் உன்னோடு கிளினிக்குக்கு வந்து கையை நீட்டுவான். நான் நீட்டினேன் அல்லவா?

வன்கூவரில் புது டொக்ரர் இரத்தம் பார்த்துவிட்டு உனக்குச் சிபிலிஸ் என்று சொன்னால் பயப்படாதே. மாறிய பிறகும் அதன் அடையாளம் இரத்தத்தில் ஆயுளுக்கும் காட்டும் என்று தாதி சொன்னாள் அல்லவா? எப்போது மருந்து போட்டாய், எங்கே போட்டாய் என்று நிமிர்ந்து நின்று சொல். அது வந்து போன வருத்தம், அவ்வளவுதான். ஒருதரம் வந்து மாறினால் மறுபடி வராது என்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார். உனக்கு ஏதும் வந்தால் என்னைக் கூப்பிடு. "எனக்குத் தெரியாது, கிளினிக்குக்குப் போ" என்று சொல்வேன். அதைச் சொல்ல நான் எந்த நேரமும் தயார். நீ கெட்டிக்காரி, போய் நன்றாக இருப்பாய். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

அலுமாரியைப் போன மாதமே காலி செய்துவிட்டேன். பைபையாகக் கட்டிப் பக்கத்து மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். பனடோல் மட்டும் இருக்கிறது. இப்போதும் ஆட்கள் ஒன்பதாம் மாடிக்கு வருகிறார்கள். தேத்தண்ணி கொடுத்து, கேள்வி கேட்டு, டொக்ரரிடம் அனுப்புகிறேன். கைராசி போய்விட்டது என்று கதைக்கிறார்களாம். கதைக்கட்டும்.

நேற்று நீ கடைக்குப் போன நேரம் மதுரா வந்தாள், உனக்குப் போகிற வழிக்கு என்று பலகாரம் கொண்டுவந்தாள். விசாரணை இன்னும் வரவில்லை; அந்தப் பயம் அவளுக்கு அப்படியேதான் இருக்கிறது. பல்கனிக்குப் போனாள். நானும் போனேன். கென்னடி வீதியில் ஒரு பஸ் வந்தது. அவள் இடது கண்ணைக் கையால் பொத்தினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து வலக் கண்ணால் பார்த்தாள். "நாப்பத்திமூண்டு அங்கிள்" என்றாள்.

என் கண்ணாடி உள்ளே மேசையில் கிடந்தது. எனக்குப் பஸ்ஸே சரியாகத் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்பினேன்.

உன் பெட்டியின் அந்த மூலையில் அவளுடைய பலகாரத்தை வைத்திருக்கிறேன்.

அப்பா